அப்பாவின் இரண்டு ஆம்பியர்

பத்தாம் வகுப்பு அறிவியலில் வருகிற மின்சாரக் கணக்குகளில் மின்னழுத்தம் எப்போதும் 220 வோல்ட்டாகவே இருக்கும். மனசு வந்தால் 230 என்று போடுவார்கள். அதற்குக் கீழே யாரும் இறங்குவதில்லை. கணக்கு எழுதுகிறவர்களின் வீட்டில் விளக்கெல்லாம் ஒழுங்காக எரியும் போலிருக்கிறது. நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் அந்த 220ஐ எழுதுவேன். எழுதும்போதே எரிச்சல் வரும்.

பாடம் என்னவோ சின்னதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன், அதாவது எத்தனை வாட் என்பது. கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற பிள்ளைக்குக்கூட பரீட்சைக்குள் இது மண்டையில் ஏறிவிடும். என் கூடப் பிறந்தவனுக்கு மட்டும் ஏறவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நன்றாகவே ஏறியிருந்தது என்பதை அப்பா செத்த அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமல்லபுரம் தாண்டி கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்க்கப் பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது அப்பாவின் வீடு. சந்து தொடங்கும் இடத்தில் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து ஒரு மளிகைக் கடை, சில வீடுகள், பிறகு என் தம்பியின் மூன்று மாடிக் கட்டடம், அதற்குப் பிறகு இன்னும் சில ஓட்டு வீடுகள், கடைசியில் சவுக்குத் தோப்பை ஒட்டி நாங்கள். மின்கம்பி வருகிற வழியும் இதே வரிசைதான். எல்லோர் வீட்டையும் தொட்டுவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்கள் வீட்டுக்கு வரும்.

அப்பா சின்ன வயதில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். பிறகு கல் பட்டறைக்குப் போனார். சிற்பி அல்ல. சிற்பிகளுக்குக் கல்லை மெஷினில் அறுத்துக் கொடுக்கிற ஆள். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு காலையில் போவார், சாயங்காலம் தலை முதல் கால் வரை வெளுத்துப்போய் வருவார். அந்தத் தூசியில்தான் நான் டீச்சர் ஆனேன், தம்பி முதலாளி ஆனான். தூசி அப்பாவின் நுரையீரலில் தங்கிவிட்டது. கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்தே ஆக்சிஜன் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்தோம். வீட்டில் அதற்கு மிஷின் என்றே பெயர்.

சிங்கப்பெருமாள் கோயிலில் நானும் என் கணவரும் குடியிருந்த வீடு இரண்டாவது மாடி. அவருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பாவால் படி ஏற முடியாது. ஏற முடிந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். மகன் இருக்கிற சந்தை விட்டுவர அவருக்கு மனசில்லை. மகன் வீட்டிலேயே இருக்கலாமே என்றால், அங்கே இருந்த அறைகளையெல்லாம் தம்பி ஏசி போட்டு வாடகைக்கு விட்டுவிட்டான். ஹோம் ஸ்டே என்று ஒரு பலகை. ஆனால் அந்த ஹோமில் அப்பாவுக்கு ஸ்டே கிடையாது. ஆகவே நான்தான் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

வந்த புதிதில் முதலில் என் கண்ணில் பட்டது இஸ்திரிப் பெட்டிதான். புடவையின் மேல் எத்தனை முறை இழுத்தாலும் சுருக்கம் போகவில்லை. பெட்டியின் மேல் 230 வோல்ட், 1000 வாட் என்று எழுதியிருந்தது. 230ஐ 230ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அதன் தடை 53 ஓம். தடை பெட்டியின் குணம், அது பெரிதாக மாறாது. வருகிற வோல்ட் மாறினால் சூடு மாறும். அப்பா வீட்டில் வந்துகொண்டிருந்தது 182 என்று பிறகு தெரிந்தது. அதை 53ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர்கூட வராது. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 625 வாட். ஆயிரம் வாட் பெட்டி அறுநூற்றுச் சொச்சத்தில் வேலை செய்தால் சுருக்கம் எப்படிப் போகும்? சுருங்கிய புடவையோடு பள்ளிக்கூடம் போனேன். அதில் ஒன்றும் உயிர் போய்விடாது.

மிஷின் விஷயம் அப்படி இல்லை. இருநூறுக்குக் கீழே போனாலே அது கத்தத் தொடங்கும். அதற்காக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். 175 வரைக்கும் இறங்கினாலும் அது ஏற்றிக் கொடுத்துவிடும். அதற்கும் கீழே போனால், டக் என்று ஒரு சத்தம், எல்லாம் நின்றுவிடும். ஸ்டெபிலைசரின் முகத்தில் சிவப்பு எழுத்தில் எத்தனை வோல்ட் உள்ளே வருகிறது என்று எரியும். சுவரில் அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே அதை மாட்டியிருந்தோம். மற்ற வீடுகளில் நோயாளிகள் டிவி பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

எண் எப்போது இறங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தம்பியின் வாசலில் சென்னைக் கார்கள் வந்து நின்றால் இறங்கும். கார்கள் போய்விட்டால் ஏறும். இருந்தாலும் வாயால் சொன்னால் சண்டை, கணக்கில் காட்டினால் ஒப்புக்கொள்வான் என்று நம்பினேன். டீச்சர் புத்தி.

ஒரு நாள் காலையில் அறைகள் காலியாக இருந்தபோது, ஏசிகளைச் சர்வீஸ் பார்க்க எலெக்ட்ரீஷியன் வந்திருந்தார். அப்போது எங்கள் வீட்டில் 212 காட்டியது. அவர் எல்லா ஏசிகளையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார். அவரிடம் டாங் டெஸ்டர் இருந்தது. கம்பியை வெட்டாமல், இடுக்கி மாதிரி அதைச் சுற்றிக் கவ்வினாலே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும் கருவி. மெயின் கம்பியில் ஒரு முறை வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். முப்பது காட்டியது. நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தேன். 182.

இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. முப்பது ஆம்பியர் ஓடியதால் முப்பது வோல்ட் குறைந்திருக்கிறது. முப்பதை முப்பதால் வகுத்தால் ஒன்று. டிரான்ஸ்பார்மரிலிருந்து தம்பி வீடு வரை வருகிற அந்தப் பழைய கம்பியின் தடை ஒரு ஓம். ஒரே ஒரு ஓம். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் முப்பது வோல்ட்டையும் முப்பது ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். தொள்ளாயிரம் வாட். அவ்வளவும் யாருக்கும் உதவாமல் சந்தின் மேலே கம்பியைச் சூடாக்கிக்கொண்டு வீணாகிறது. அப்பாவின் மிஷினுக்குத் தேவை முந்நூற்றைம்பது வாட். எங்கள் வீட்டு வோல்ட்டில் கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர். காக்கை உட்காருகிற கம்பிக்குத் தொள்ளாயிரம், கல் அறுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவனுக்கு முந்நூற்றைம்பதுக்கு இழுபறி.

சந்தில் வேலை பார்க்க வந்த லைன்மேனிடம் கேட்டேன். அவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், காயிதத்துல இவரு எழுதிக் குடுத்துக்கீற லோடு ரெண்டு கிலோவாட்டு. மேல எத்தினி ஏசி கீதுன்னு நீயே எண்ணிக்க. ஓடற லோட எழுதிக் குடுத்து த்ரீ பேஸ் கேட்டா, தனியா கம்பி இழுத்துடலாம். அவரு எழுதித் தரட்டும்."

ஆக, வழி இருந்தது. தம்பி ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இது வீடல்ல, லாட்ஜ் என்பது வெளியே வரும். அதனால் அவன் போடவில்லை. "இந்த சீசன் போவட்டும் யக்கா" என்பான். கடற்கரையில் சீசன் எங்கே போகிறது? வெயில் காலம் போனால் பள்ளி விடுமுறை, அது போனால் தீபாவளி, அது போனால் நாட்டிய விழா பார்க்க வருகிறவர்கள்.

கணக்கை அவனுக்குச் சொன்னேன். அவனுடைய வரவேற்பறையில், சோழி பதித்த கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து, நிதானமாகத்தான் சொன்னேன். அவனும் தலையாட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு அவன் செய்த காரியம், கட்டடம் முழுவதற்கும் சேர்த்து ஆளுயரத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி இறக்கியது. ஏசி சரியாகக் குளிரவில்லை என்று வந்தவர்கள் குறை சொல்கிறார்களாம்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஸ்டெபிலைசர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வோல்ட்டேஜ் இல்லையா, ஸ்டெபிலைசர் வாங்கு. இன்னும் இல்லையா, இன்னும் பெரிசா வாங்கு. அது என்னவோ பெட்டிக்குள்ளேயே மின்சாரம் சுரக்கிற மாதிரி நினைப்பு. அது ஒன்றும் சுரப்பதில்லை. வீட்டுக்குள் 220 வேண்டும், வெளியிலிருந்து 180தான் வருகிறது என்றால், குறைகிற வோல்ட்டுக்கு ஈடாகக் கம்பியிலிருந்து அதிக ஆம்பியரை இழுக்கும். அதிகம் இழுத்தால் கம்பியில் இன்னும் குறையும். குறைந்தால் இன்னும் இழுக்கும். பெட்டி வைத்தவன் வீட்டில் விளக்கு பளிச்சென்று எரியும். அவனுக்கு அடுத்த வீட்டில் மங்கும். தம்பியின் பெட்டி வந்த பிறகு அவன் வீட்டில் நாற்பது ஆம்பியர் ஓடியது. எங்கள் வீட்டில் 172. வீணாகிற வாட் தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்து அறுநூறாகிவிட்டது. சுவரில் டக் என்று ஒரு சத்தம். மிஷின் நின்றது. அப்பா வாயைத் திறந்து காற்றைத் தேடினார்.

மூலையில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்தது. அதைத் திருகிவிட்டு, மூச்சு சீரானதும் நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புகூடப் போடவில்லை.

"டேய், குடிதண்ணி பைப்புல எவனோ மோட்டார் வெச்சு உறிஞ்சறான்னு நீதானடா பஞ்சாயத்துல சண்ட போட்ட?"

"ஆமா. அத்துக்கின்னா இப்போ?"

"மேல்வூட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சினா கீழ்வூட்டுக்குத் தண்ணி வராதுன்னு கத்தினல்ல. நீ வாங்கி வெச்சுக்கினு கீறியே, இது மட்டும் இன்னா? இதுவும் அதே மோட்டார்தான். அங்க உறிஞ்சறது நைனாவோட மூச்ச."

அவன் முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். மேலே ஏதோ ஓர் அறையிலிருந்து யாரோ துண்டு கேட்டுக் கூப்பிட்டார்கள்.

"யக்கா, என் மீட்டரு, நான் கட்டற பில்லு. உன் கணக்க ஸ்கூல்ல வெச்சுக்க. நைனாவுக்கு நான் செய்ய மாட்டனா? நாளைக்கே பெரிய ஸ்டெபிலைசரா ஒண்ணு எறக்கறேன், பாரு."

செய்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். மறுநாள் ஆட்டோவில் அவனே கொண்டுவந்து, அவனே சுவரில் ஏறி மாட்டினான். 150 வரை இறங்கினாலும் தாங்கும். அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்தவர் போனவர்களிடமெல்லாம், "என் புள்ள வாங்கியாந்து மாட்டிக்கீறான்" என்று குழாய் மாட்டிய மூக்கோடு சொன்னார். அதற்கு முன்னால் சுவரில் இருந்ததை வாங்கி மாட்டிய நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். யாரிடமும் அது பற்றி அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை.

தம்பி அப்பாவை வெறுத்தவன் அல்ல. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். தினம் காலையில் இட்லியும் வடைகறியும் வாங்கிக்கொண்டு வருவான். "நைனா, நாஸ்தா துன்னலாமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்து ஊட்டுவான். காலைப் பிடித்துவிடுவான். சாத்துக்குடியை விதை எடுத்துக் கொடுப்பான். காலையில் அவன் அறைகளில் ஆள் இறங்கிப் போயிருப்பார்கள், எங்கள் சுவரில் இருநூறுக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும், அப்பாவின் மூச்சும் நன்றாக இருக்கும். "நல்லாத்தான கீறாரு. நீதான் எப்பப் பாரு பேஜாரு பண்ற" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். சாயங்காலங்களில் அவன் வந்ததில்லை. சாயங்காலம்தான் அவனுக்கு ஆள் வருகிற நேரம்.

பெரிய ஸ்டெபிலைசர் கொஞ்ச நாள் ஓடியது. அதற்குள் சந்தில் மற்றவர்களுக்கும் விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. தம்பியைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் ஒன்று வாங்கினார். அவரைப் பார்த்து ஓட்டு வீட்டுக்காரர்கள் வாங்கினார்கள். தம்பி மொட்டை மாடியில் தகரம் போட்டு இன்னும் இரண்டு அறை எடுத்தான், அதிலும் ஏசி. ஒவ்வொருவனும் தன் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டு அடுத்தவன் வீட்டு வெளிச்சத்தை இழுத்துக்கொண்டிருந்தான். இழுப்பதற்குப் பக்கத்து வீடு இல்லாத ஒரே வீடு எங்களுடையது. எங்களுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும் கடலும்தான்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் எண் 148க்கு வந்தது. பெரிய ஸ்டெபிலைசரும் டக் என்றது. இன்வெர்ட்டர் வாங்கி வைத்தேன். பகலில் பாட்டரி ஒழுங்காக ஏறினால்தானே சாயங்காலம் அது உழைக்கும்? அரை மணி ஓடிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சிலிண்டர் தீர்ந்தால் செங்கல்பட்டிலிருந்து வண்டி வர வேண்டும். வண்டி வரும்வரை அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்து, தோளை ஏற்றி ஏற்றி இழுப்பார். உதடு நீலமாகிவிடும். அந்த நேரத்தில் நான் முதுகைத் தடவிக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. தம்பி வீட்டுப் பக்கமிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்கும்.

அப்படி ஒரு சாயங்காலம், மிஷின் கத்திக் கத்தி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தபோது, அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, இத்த அமத்திட்டா அவனுக்குக் கூட வருமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எவனுக்கு நைனா?"

"தம்பிக்குத்தான். நம்ம மிஷினு இழுக்கறதால அவன் வூட்ல கம்மியாவுதோ இன்னாவோ. ஆளு வந்து தங்கிக்கீறாங்க. பாவம்."

என் கணக்கை இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அப்பாதான். கேட்டு, அதை இப்படித் திருப்பிப் போட்டிருந்தார். மிஷினை அணைத்தால் கம்பியில் இரண்டு ஆம்பியர் குறையும். ஒரு ஓமுக்கு இரண்டு வோல்ட். தன் மூச்சை நிறுத்தி மகனுக்கு அவரால் கொடுக்க முடிந்தது இரண்டு வோல்ட். அவன் வீட்டில் ஒரு ஏசியின் சத்தம்கூட அதனால் மாறாது.

"வராது நைனா. நீங்க படுங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் கடுமையாக இருந்தது. அவர் மேலும் எனக்குக் கோபம்தான். இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

மின்வாரியத்துக்கு நானே எழுதிப் போடுகிறேன், வந்து பார்க்கட்டும் என்று அதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லியிருந்தேன். அப்பா அன்றைக்குச் சாப்பிட மறுத்துவிட்டார். "கழனியில கெடந்தோம், கல்லுல கெடந்தோம். அவன்தான் மேல வந்துக்கீறான். அவன் பொழப்புல கை வெச்ச, நீ என் பொணத்ததான் பாப்ப." அதற்கு மேல் நான் என்ன செய்வது? எழுதவில்லை. பிணத்தையும் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார். நல்ல வெயில். தம்பி வீட்டில் எல்லா அறையும் நிறைந்து, மாடித் தகர அறைகளிலும் ஆள். சிலிண்டர் திறந்துதான் இருந்தது, அது தீரவில்லை. ஆகவே தம்பிதான் கொன்றான் என்று நான் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். இந்த நுரையீரலுக்கு இவ்வளவு நாள் வந்ததே அதிகம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் பேசுவது அவருடைய சாவைப் பற்றி அல்ல. அதற்கு முந்தைய சாயங்காலங்களைப் பற்றி. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சையும் லேசாக்கியிருக்க முடியும். அதற்கு இரண்டு ஆம்பியர் போதும்.

தம்பி ஓடி வந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அது உண்மையான அழுகைதான். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கணவர் போன் செய்து சொந்தக்காரர்களுக்குச் சொன்னார். அச்சரப்பாக்கத்திலிருந்து அத்தை வர வேண்டும், வெளியூரிலிருந்து அவள் மகன்கள் வர வேண்டும், மறுநாள்தான் எடுக்க முடியும் என்று முடிவானது. வெயிலுக்கு உடம்பு தாங்காது, ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லுங்கள் என்றார்கள். கண்ணாடி மூடி போட்ட அந்தக் குளிர்பெட்டி ஒரு சின்ன வேனில் வந்து இறங்கியது. அப்பாவை அதில் கிடத்தினார்கள். ஸ்டெபிலைசர் மிஷின் அளவுக்குத்தான் தாங்கும் என்பதால் பிளக்கை நேரே சுவரில் செருகினார்கள். பெட்டிக்காரர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"இன்னா, வோல்ட்டேஜே இல்லியே. கம்ப்ரசர் எடுக்க மாட்டேங்குது. நூத்தித் தொண்ணூறாவது வோணும்."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். 151. பெட்டிக்காரர் என் தம்பியிடம் திரும்பி, "ஜெனரேட்டர் எட்தாரச் சொல்லட்டுமா அண்ணாத்த? வர்றதுக்கு நேரமாவும்" என்றார்.

"வோணாம், இரு" என்றான் தம்பி. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எதனால் குறைகிறது, என்ன செய்தால் ஏறும் என்று யாரிடமும் கேட்கவில்லை. வேகமாகச் சந்தில் இறங்கித் தன் வீட்டைப் பார்த்து நடந்தான்.

நான் அப்பாவின் தலைமாட்டில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 158 ஆனது. பிறகு 166. ஒவ்வோர் அறையாக அணைத்துக்கொண்டு வருகிறான் என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. 175. அப்பாவோடு சேர்ந்து அந்த எண்ணை இத்தனை காலம் பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமையில் அது ஏறி ஒரு நாளும் பார்த்ததில்லை. 183. 191. வாசலில் யாரோ, "தங்கனவங்கள எல்லாம் வேற எடத்துக்கு அனுப்பறான்பா" என்றார்கள். கார்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. 207ல் வந்து நின்றது.

பெட்டிக்காரர் சுவிட்சைத் தட்டினார். கம்ப்ரசர் ஒரு குலுங்கு குலுங்கி ஓடத் தொடங்கியது. சுவரில் எண் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடியின் உள்பக்கம் மெல்லப் பனி படர்ந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் நான்கு ஆம்பியர் என்று போட்டிருந்தது. அதைப் படிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மூச்சு விடுவதற்கு இரண்டு ஆம்பியர் கிடைக்காத மனுஷனுக்கு, மூச்சு நின்ற பிறகு நான்கு.

"அப்பனுக்காகப் பொழப்பையே நிறுத்திட்டு வந்துட்டாம்பா. இந்தக் காலத்துல எந்தப் புள்ள செய்வான்?" என்றார் மளிகைக் கடைக்காரர். உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

தம்பி வியர்த்துப்போய் உள்ளே வந்தான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில், கழற்றி வைத்த மிஷினை ஒட்டி, தரையில் உட்கார்ந்தான். சுவரில் இருந்த ஸ்டெபிலைசரை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனே மாட்டியதுதான் அது.

"இப்ப எத்தினி காட்டுது யக்கா?" என்று கேட்டான்.

"எரநூத்தி ரெண்டு."

"போதுமா?"

"இத்துக்குப் போதும்" என்றேன்.